கரண்டி யார் கையில்

மே 3, ஞாயிறு

பேசினால் இந்தப் போனே எழுதிக்கொள்கிறது. மாப்பிள்ளை காட்டிக் கொடுத்தார். எனக்கு எழுதத் தெரியாது, படிக்கத் தெரியாது. மறக்கவும் தெரியாது, அதுதான் தொல்லை. இன்றைக்கு நடந்ததை எங்கேயாவது கொட்டாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

வெயில் காலம் வந்தால் மகள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் ஆட்கள் கூடுவார்கள். மூன்று வருஷமாகப் பஞ்ச் என் கை. வெள்ளை ஒயினில் முதல் நாளே பீச்சும் ஆரஞ்சுச் சுளையும் ஊறப்போட்டு, ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் சோடா ஊற்றி, மேலே ஐஸ். இந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே வேலை. முட்டி ஆபரேஷன் என்று ஒரு மாசம் மகன் வீட்டில் கிடந்துவிட்டு வருகிறேன் – கரண்டி சம்பந்தி கையில்!

மாப்பிள்ளையைப் பெற்றவர். எதிர் அறையில் இருக்கிறார். தையற்காரர். ஐஸுக்குப் பதில் பச்சைத் திராட்சையை ஃப்ரீசரில் கல்லாக்கிப் போட்டிருக்கிறார். ஐஸ் ஃபாக்டரியில் ஆயுசு பூராவும் பாளம் சுமந்த என் கண் முன்னால்.

"இது என்ன பஞ்சா, மாட்டுக்கு வெச்ச தண்ணியா?" என்று கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டுவிட்டேன் போல. வந்தவர்கள் கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

எல்லோரும் போன பிறகு மகள் சொன்னாள்: "அப்பா, இன்னொரு தடவை வந்தவங்க முன்னாடி கலாட்டா பண்ணீங்க, அண்ணன் வீட்ல கொண்டுபோய் விட்டுடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

மகன் வீடு எனக்குத் தெரியாதா. அங்கே நான் சுவரில் தொங்குகிற போன வருஷத்துக் காலண்டர். திட்டக்கூட ஆள் கிடையாது.

மே 5

எனக்கும் சம்பந்திக்கும் பேச்சு வார்த்தை இல்லை. மகள் கல்யாணத்துக்கு எனக்கு அவர்தான் சட்டை தைத்தார். போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் இறங்கி நிற்கிறது. என்ன சம்பந்தி இது என்று மரியாதையாகத்தான் கேட்டேன். கூட்டத்தைப் பார்த்துச் சொல்கிறார்: "சட்டை நேராத்தான் இருக்கு. ஆள்தான் கோணல்." பாளம் சுமந்த தோள் இறங்காமல் என்ன செய்யும்? சிரித்தவர்கள் யார் யார், எந்த நாற்காலியில் இருந்தார்கள், இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

காலையில் சாப்பிடும்போது, "மாப்பிள்ளை, அந்த மனுஷனை உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுங்க" என்றேன். உப்பு அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாவம், மாப்பிள்ளை பாதி ஷேவிங்கில் உள்ளேயிருந்து எழுந்து வந்து தள்ளிவிட்டுப் போனார்.

மே 10, ஞாயிறு

மறுபடியும் திராட்சை. "அங்கிள், சூப்பர்!" என்று ஆளாளுக்கு அவர் முதுகைத் தட்டுகிறார்கள். நானும் ஒரு கிளாஸ் எடுத்து, மூலையில் நின்று குடித்தேன். திராட்சை ஐஸ் மாதிரி உருகித் தண்ணீர் விடவே இல்லை. முதல் மடக்கில் இருந்த ருசி கடைசி மடக்கிலும் இருந்தது.

இதைச் செத்தாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

மே 12

கரண்டியைக் கழுவித் துடைத்து அவர் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்கிறார். கரண்டியை! தலைமாட்டில்!

மே 16, சனி

செய்துவிட்டேன்.

மதியம் வீட்டில் யாரும் இல்லை. ஃப்ரிட்ஜில் கண்ணாடிக் குண்டான், நாளைக்கு ஊறிக்கொண்டிருந்தது. பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிகள் குப்பைக் கூடையில் கிடந்தன. எடுத்து அலம்பி, பழத்துக்கு அடியில் அமுக்கிவிட்டேன். தோலுக்குள் இருக்கிற வெள்ளைச் சதை ஒயினில் ஊறினால் போதும், விடிவதற்குள் வேப்பெண்ணெய்தான்.

நாளைக்கு முதுகைத் தட்டட்டும், பார்க்கிறேன்.

மே 17, ஞாயிறு

ஐயோ. என்ன வேலை பண்ணித் தொலைச்சேன்.

காலையில் சம்பந்தி அறையை விட்டு வந்தார், ஒரு கன்னம் பந்து மாதிரி வீங்கி. நேற்று மதியம் பல் பிடுங்கியிருக்கிறார்கள். மாப்பிள்ளைதான் கூட்டிப் போயிருக்கிறார். அப்போது குண்டானில் ஊறப்போட்டது யார்? அடுப்படிக்கு ஓடினேன். மகள் திராட்சை கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு என் கைப் பஞ்ச்ப்பா. நேத்து காலைலயே ஊறப்போட்டுட்டேன். ஆபீஸ்ல புது மேனேஜர் வந்திருக்காங்கல்ல, முதல் தடவையா வீட்டுக்கு வர்றாங்க. நல்லா அமையணும்."

எனக்கு ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லையே! எப்படிச் சொல்வார்கள்? குண்டான் என்றாலே நான் குதிப்பேன் என்று வீடே வாயைப் பொத்திக்கொண்டிருக்கிறது. பொத்த வைத்தது யாரு? நான்தானே.

எடுத்து வெளியே போட்டுவிடலாம் என்று எத்தனை சாக்குச் சொல்லிப் போனேன். தண்ணி குடிக்க, மாத்திரை தேட. "அப்பா, இன்னிக்கு ஒரு நாள் அந்தப் பக்கம் போகாம இருங்களேன்" என்று ஃப்ரிட்ஜுக்கு முன்னாலேயே நின்றாள். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொன்னால் அண்ணன் வீடு.

சாயங்காலம் மேனேஜர் அம்மா ஒரு மடக்குக் குடித்தார். முகம் சுருங்கியது. சமாளித்துச் சிரித்தார். மகளும் குடித்துப் பார்த்தாள். கரண்டியை அடிவரை விட்டுக் கிளறினாள். மூடிகள் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன.

"நான் எலுமிச்சையே போடலையே..." நேராக என்னைத்தான் பார்த்தாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு கொழகொழத்த குரல், பல் பிடுங்கின குழியில் அடைத்த பருத்திப் பஞ்சோடு:

"நான்தாம்மா. வாசனையா இருக்கட்டும்னு போட்டேன். பல் டாக்டர் குடுத்த மாத்திரை, ஒரே மயக்கம்."

சம்பந்தி. வீங்கின கன்னத்தோடு எழுந்து நின்றுகொண்டிருக்கிறார். மேனேஜர் அம்மா சிரித்துவிட்டார். "பரவாயில்ல சார், போய்ப் படுங்க." வேறு பாட்டில் திறந்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை.

மாடிப்படியில் சம்பந்தி என்னை மறித்தார். அந்தச் சட்டைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை. நீங்கள் போய் நீ ஆகியிருந்தது.

"நேத்து ராத்திரி இருட்டுல என் அறை வாசலை நீ தாண்டினப்பவே உன் கையில எலுமிச்சை வாசம். எதுக்குன்னு இப்பத்தான் தெரியுது. உனக்காகச் சொல்லலைய்யா. நீ தொலைஞ்சா எனக்கு நிம்மதி. உன்னை அனுப்பிட்டு என் மருமக மூலையில உக்காந்து அழுவா. அதை என்னால பார்க்க முடியாது."

ஆள்தான் கோணல்.

மே 18

திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன், முட்டி வலித்தாலும். காப்பாற்றி வைத்திருக்கிறாரே – இதை என்ன செய்வது? அவரைப் பிடிக்கவில்லை. இன்னும் அதிகமாகப் பிடிக்கவில்லை.

மே 20

மகளிடம் சொல்லிவிடலாம் என்று அவள் அறை வாசல் வரை போனேன். "என்னப்பா?" என்றாள். "ஃபேன் சத்தம் போடுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மே 23, சனி

மகள் கரண்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "மாமா இனிமே தொட மாட்டேன்னுட்டார். வாய்ல ருசி செத்துப்போச்சாம். நீங்களே போடுங்கப்பா."

ருசி செத்துப்போச்சாம். மூக்கு மட்டும் உயிரோடு இருக்கிறது, எமகாதக மூக்கு.

பீச் ஊறப்போட்டேன். ஆரஞ்சை உரித்து வெள்ளை நார் ஒன்றுவிடாமல் எடுத்தேன். அப்புறம் ஃப்ரீசரைத் திறந்துவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

மே 24, ஞாயிறு

ஐஸ் தட்டு நிறைய ஐஸ் இருந்தது. எடுக்கவில்லை. திராட்சை போட்டேன்.

யாரும் கவனிக்கவில்லை, அவரைத் தவிர. முதல் கிளாஸை மகளிடம் கொடுத்து எதிர் நாற்காலிக்கு அனுப்பினேன். ஒரு மடக்கு குடித்தார். வாயிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு கைப்பிடிச் சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"திராட்சையைக் காம்போட போட்டு வெச்சிருக்கு. அந்த மனுஷன்கிட்ட சொல்லும்மா."

"வீக்கம் வாயிலதானே, கையில இல்லையே? பிடுங்கிப் போட்டுட்டுக் குடிக்கச் சொல்லும்மா" என்றேன்.

மகள் நடுவில் நின்றாள். இந்தப் பக்கமும் சொல்லவில்லை, அந்தப் பக்கமும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து வந்து, என்னைப் பார்க்காமல், காலிக் கிளாஸை நீட்டினார். ஊற்றினேன். திராட்சையை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, காம்பு எடுத்துவிட்டுத்தான் ஊற்றினேன்.