தோளிலிருந்து கீழே

பெங்களூர், 12.8.2003

அன்புள்ள அம்மாவுக்கு வெனிலா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா? கூட்டேரிப்பட்டுக் கடையில் தையல் நிறைய வருகிறதா?

இங்கே ஆபீஸில், கம்ப்யூட்டர் திரையில் கோடும் வளைவும் வரையும் கட்டளைகளுக்கு, புரோகிராம் எழுதுகிறவர்கள் படிக்க நான் விளக்கம் எழுதுகிறேன். திரையில் அளவு மேல் மூலையில் தொடங்கிக் கீழே கூடுமாம். நான் பள்ளிக்கூடக் கணக்குபோல் மேலே கூடும் என்று எழுதிவிட்டேன். அதன்படி திரையில் வரைந்த வீட்டுப் படம் தலைகீழாக நின்றது. எல்லோரும் சிரித்தார்கள்.

“தோள்லேர்ந்து கீழ எறங்கிக்கினே அளடி” என்று சொல்லிக்கொண்டே நீங்கள் துணியில் சாக்பீஸ் போடுவது ஞாபகம் வந்தது. அதையே விளக்கமாக எழுதினேன். “யார் சொல்லிக் கொடுத்தது?” என்று மேனேஜர் கேட்டார். “எங்கம்மா, டெய்லர்” என்றேன்.

அடுத்த ஜாக்கெட்டில் இடுப்பை இரண்டு இஞ்ச் பிடித்துத் தையுங்கள். நான் இளைக்கவில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் துவைத்தால் துணி விரிகிறது.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது.

உங்கள் மகள்,
வெனிலா