சுவரில் ஏறிய நத்தை

ஐப்பசி 11, செவ்வாய்

விளக்கைப் போட்டு அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்து எழுதுகிறேன். மன்னிக்க வேண்டும்.

அடையாறு முகத்துவாரத்து அலையாத்தி மரங்களில் நான் கண்ட கடல் நத்தையை இந்தக் கரையில் இதுவரை யாரும் பதிவு செய்யவில்லை என்று என் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் இன்று உறுதியாகச் சொன்னார். ஆய்வுக் கட்டுரையில் என் பெயரும் வருமாம். கல்யாணப் பத்திரிகை தவிர எங்கள் வீட்டுப் பெயர் எதுவும் அச்சில் வந்ததில்லை.

சந்தோஷத்தில், அங்கே நண்டு பிடிக்கும் செல்வி அக்காவிடம் நத்தையைக் காட்டினேன்.

"இன்னாமே, இதுக்கா இவ்ளோ சீனு? எங்க வூட்டு செவுத்துலயே ஒட்டிக்கினு கீது!"

போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஏழு நத்தைகள். கடல் தண்ணீர் எட்டாத இடத்தில் அவை இருக்காது. அங்கிருந்தே சாருக்குப் போன் செய்தேன். "அருமைம்மா! சுவரையும் சேர்த்துடலாம்," என்றார்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "உப்புத் தண்ணி வூடு வரிக்கும் வருதுன்னு எழுதினா, ஆபத்துன்னு சொல்லி காலி பண்ண வெச்சுடுவாங்கமே. போன மாசந்தான் கவர்மெண்டு ஆளுங்க தெருவ அளந்துட்டுப் போனாங்க."

எழுதாவிட்டாலும் தண்ணீர் வரும். மழை இப்போதே ஜன்னலில் அடிக்கிறது.

நாளை தயங்காமல் கேட்க வேண்டும்: சார், மரத்தை மட்டும் எழுதுங்கள். சுவரை விட்டுவிடுங்கள்.