பூண்டு நட்ட பாதை

2017 நவம்பர் 19, ஞாயிறு

இன்று மலையில் இருந்தவர்கள்: என் அண்ணன் இன்சப், ஓக்டான் அண்ணி, அவர்கள் மகன் தேக்யூ, வம்சப் புத்தகம் எழுதும் ஜோங்டே, நகரத்திலிருந்து வந்த பங்காளிகள் பதினொரு பேர், என் தம்பி மான்சு, நான். பிறகு ஒருத்தரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக்கூடாது. அதற்குத்தான் எழுதி வைக்கிறேன்.

முன்னோர்களுக்குப் படையல் போட்டுவிட்டு, கல்லறைகளுக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு ஒருமுறை அச்சாகும் புத்தகம்; இதுவரை எனக்கு யாரும் வாசித்துக் காட்டியதில்லை. ஜோங்டே ஒவ்வொரு வீட்டுப் பெயரையும் வாசித்தான். எங்கள் அப்பாவுக்குக் கீழே ஒரு மகன், ஒரு மகள். மகள் இடத்தில் ஜொம்ரே என்ற என் பெயர் இல்லை, என் புருஷன் பெயர்தான். அது போகட்டும், பெண்களுக்கு அதுதான் வழக்கம்.

"இன்னொரு மகன் எங்கே?" என்றேன்.

அண்ணன் கோப்பையைக் கீழே வைக்காமலே சொன்னார்: "அவன் சின்ன வயசுலயே செத்துட்டான். அப்படிச் செத்தவங்களைப் புத்தகத்துல சேக்கறதில்லை."

செத்தவன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அரிசிப் பலகாரம் தின்றுகொண்டிருந்தான். அறுபத்தொன்பது வயது. வாயெல்லாம் சிவப்புப் பயறு. "அக்கா, இன்னொண்ணு" என்று கையை நீட்டினான். பதினொரு பேரும் புல்லைப் பார்த்தார்கள். இல்லை, பத்துப் பேர். ஒருவன் சிரித்தான். சாம்பல் நிறக் கோட்டு, இடது காதில் மச்சம். ஞாபகம் வைத்திருக்கிறேன்.

புத்தகத்தில் பெயர் இல்லாதவனுக்கு அந்த மலையில் இடம் இல்லை. நான் செத்தால் புருஷன் வீட்டு மலைக்குப் போவேன். மான்சு எங்கே போவான்?

நவம்பர் 20

மலைக்கு ஏறும் வழி என் நிலத்தில்தான் போகிறது. மறுபக்கம் நீர்த்தேக்கம், வேறு வழி கிடையாது. இத்தனை வருஷம் நடந்தார்கள், நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று அந்த வழியைக் கொத்திப் பூண்டு நட்டோம். பருவம் பத்து நாள் தாண்டிவிட்டது. முளைத்தால் பூண்டு, முளைக்காவிட்டாலும் என் பாத்தி.

மான்சுவுக்கு மூன்றுக்கு மேல் எல்லாம் "நிறைய". ஆனால் ஒரு பல்லைக்கூடத் தலைகீழாக நடமாட்டான். எது மேலே, எது கீழே என்று அவனுக்குத் தெரியும். படித்த என் அண்ணனுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 24

தேக்யூ போன் செய்தான்.

"அத்தை, வழியில என்ன விவசாயம்?"

"என் நிலம், என் பூண்டு."

"அப்பாவுக்கு நுரையீரல்ல நீர் கோத்திருக்கு அத்தை. நாளைக்கே ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எப்படித் தூக்கிட்டுப் போறது?"

"பறந்து போகச் சொல்லு. உசுரோட இருக்கறவனையே சாகடிச்ச மனுஷனுக்கு அது என்ன பெரிய வித்தை?"

வைத்துவிட்டான். கிம்ச்சி ஊறுகாய்க்கு மிளகாய்ப் பொடி பிசைந்துகொண்டிருந்தேன். கை எரிந்தது. வயிறு குளிர்ந்தது.

டிசம்பர் 3

ஊர் மன்றத்தில் கிழவிகளுக்கு எழுத்துச் சொல்லித் தரும் டீச்சர், "சின்ன வயசு ஞாபகம் எழுதிட்டு வாங்க" என்றாள். அவளுக்கு வேறு நோட்டில் தேன்போல இனிப்பாக ஏதாவது எழுதிக் கொடுப்பேன். இந்த நோட்டு அரிசிப் பானைக்குள் இருக்கும்.

சின்ன வயசு என்றால் என்ன? முதுகு. மான்சு என் முதுகில் துணியால் கட்டப்பட்டிருப்பான். ஆறு வயதுவரை அவன் சரியாக நடக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்போடு என்னை நிறுத்தியது அவனைப் பார்த்துக்கொள்ளத்தான். அண்ணன் மட்டும் போனார். திரும்பி வந்து எங்கள் முன்னால் சத்தமாக வாசிப்பார். ஓடைக்கரையில் பசங்கள் "அரைவேக்காடு வருது, அரைவேக்காடு வருது" என்று கத்துவார்கள். ஒருவன் மான்சு வாயில் தவளையைத் திணித்தான். திணித்தவன் காதைக் கடித்தேன். ரத்தம் உப்பாக இருந்தது. போன வருஷம் அவன் சாவுக்குப் போய் அந்தக் காதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். தழும்பு அப்படியே இருந்தது.

டிசம்பர் 11

பனி. பூண்டுக்கு வைக்கோல் போட்டோம்.

டிசம்பர் 22

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு இன்று. சிவப்புப் பயற்றங்கஞ்சி காய்ச்சினேன். மான்சு மூன்று கிண்ணம் குடித்தான். குடித்துவிட்டுக் கேட்டான்: "அக்கா, நான் செத்தா அம்மா பக்கத்துலதானே?"

யார் சொன்னார்கள் இவனுக்கு? மலையில் பேசியது காதில் விழுந்திருக்கிறது. எல்லாம் விழும் அவனுக்கு. ஜனங்களுக்குத்தான் அது தெரியாது.

"அம்மா பக்கத்துலதான்" என்றேன்.

அவன் சர்க்கரைவள்ளிக் கிழங்கு தின்னமாட்டான். ஏன் என்று எனக்குத் தெரியும். 1963. என்னைப் பெண் பார்க்க வந்த நாள். அண்ணன் அவனைச் சமையலறைக்குக் கீழே கிழங்குக் குழிக்குள் இறக்கிப் பலகையைப் போட்டு மூடினார். அவனுக்குப் பதினைந்து வயது. நான் தட்டு எடுத்துப் போகும்போது காலுக்கு அடியில் அவன் முனகுவது கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா தலையைத் திருப்பினாள். நான் இருமினேன். பலமாக இருமினேன்.

இன்சப், அந்தப் பலகையை நீ இன்னும் தூக்கவில்லை.

2018 ஜனவரி 14

அண்ணன் ஆஸ்பத்திரியில். பூண்டு இரண்டு விரல் உயரம்.

ஜனவரி 27

விடியற்காலையில் இன்சப் செத்துவிட்டார்.

மத்தியானம் தேக்யூ கறுப்புக் கோட்டோடு வந்து, முற்றத்துப் பனியிலேயே மண்டி போட்டான்.

"அத்தை, நாளன்னைக்குக் காலையில எடுக்கணும். வழியை விடுங்க."

"ஜோங்டேயைக் கூப்பிடு. மான்சு பேரை எழுதி, குலத்து முத்திரை குத்திக் கொண்டா. அப்புறம் பேசுவோம்."

"செத்தவர் மேல கோபத்தைக் காட்டலாமா அத்தை?"

"ஏன், உன் அப்பா இருக்கறவன் மேல காட்டலையா? எந்திரி. முட்டி நனையுது."

மான்சு ஒரு துண்டைக் கொண்டுவந்து அவன் முட்டியைத் துடைத்தான். எனக்கு எரிச்சல்.

ஜனவரி 28

ஓக்டான் அண்ணி வந்தாள். சாவு வீட்டை விட்டுவிட்டு, எண்பது வயதில், தனியாக. முத்திரை குத்திய தாளை என் மடியில் போட்டாள். "இந்தா. உன் தம்பி பொழைச்சுட்டான்." பிறகு உட்கார்ந்தாள்.

"நீ ஒரு மனுஷனை அம்பத்தி நாலு வருஷம் திட்டினே. வாயைத் திறக்காம வாங்கிக்கிட்டுப் போய்ச் சேந்துட்டாரு. நான் திறப்பேன். பேரை எடுத்தது அவர் இல்லை. உங்கம்மா."

"பொய்."

"நான் புதுசா வந்த மருமக. அடுப்படியில நின்னேன். மாப்பிள்ளை வீட்ல வம்சப் புத்தகத்தைப் பாக்கணும்னாங்க. அந்த வருஷம்தான் அச்சுக்குப் போகுது. உங்கம்மா சொன்னாங்க, 'சின்னவன் அம்மையில செத்தான்னு எழுதிக்குடு. ரத்தத்துல இருக்குன்னு தெரிஞ்சா பொண்ணை எவன் எடுப்பான்?' இவரு மாட்டேன்னாரு. உங்கம்மா தன் காலைத் தொடவெச்சுச் சத்தியம் வாங்கினாங்க. 'ஜொம்ரேக்குத் தெரியக்கூடாது, அவளுக்காகத்தான்னு தெரிஞ்சா தாங்கமாட்டா.' குழியில இறக்கினதும் அவங்கதான். பலகையைத்தான் இவர் போட்டாரு."

"அப்ப மலையில ஏன் செத்துட்டான்னு சொன்னாரு?"

"வேற என்ன சொல்லுவாரு? உண்மையைச் சொன்னா பதினஞ்சு பேர் நடுவுல உன் கல்யாணம்தானே வெளிய வரும்?"

அவள் போன பிறகு வெகுநேரம் அடுப்பு மூட்டவில்லை. மான்சு வந்து என் முதுகைத் தட்டினான். எனக்கு இருமல் என்று நினைத்துவிட்டான்.

ஜனவரி 29

வழி விட்டேன். வைக்கோலை நானே வாரினேன். பெட்டி போனபோது மான்சு முன்னால் குனிந்துகொண்டே போனான், "மிதிக்காதீங்க, மிதிக்காதீங்க." யார் கேட்டார்கள்? சாம்பல் கோட்டுக்காரனும் வந்திருந்தான். அவன்தான் அதிகம் மிதித்தான்.

அண்ணன் குழிக்கு ஒரு பிடி மண் போட்டேன். பலகை அவர் போட்டதுதான். அந்தக் கணக்கு மட்டும் மிச்சம் இருக்கிறது. சின்னக் கணக்கு.

ஏப்ரல் 6

கல்லறைகளுக்குப் புல் ஒட்டும் நாள். புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. மலைக்கே எடுத்துப் போனேன். அப்பாவுக்குக் கீழே இரண்டாம் மகன் மான்சு. பிறந்த வருஷம் இருக்கிறது. இறந்த தேதிக்கு உரிய இடம் காலி. மான்சுவின் விரலைப் பிடித்து அவன் பெயர்மேல் வைத்தேன். "இது நானா?" என்றான். "நீதான்." "நிறைய இருக்கேன்" என்றான்.

மிதிபட்ட பூண்டில் பாதிக்குமேல் நிமிர்ந்துவிட்டது.

பிறகு அம்மா கல்லறைக்கு இடதுபக்கம் போய், கைகளை நீட்டி மல்லாந்து படுத்து அளவு பார்த்தான். சரியாக இருந்தது. அவனுக்கு அந்த இடம்தான் வேண்டும். தடுக்க என்னால் முடியாது.

அம்மா கல்லறை முன்னால் எல்லாரும் விழுந்து கும்பிட்டார்கள். நான் நின்றேன். "அத்தை?" என்றான் தேக்யூ. முழங்கால் வலி என்றேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன். சொல்லியிருப்பேனா? பத்தொன்பது வயது. நான் இருமியது வேறு விஷயம். அதை வேறொரு நாள் எழுதுவேன்.

பெற்றவள் பெயரைப் பிள்ளைகள் சொல்லக்கூடாது. எழுபத்து மூன்று வருஷமாக என் வாயில் வந்ததில்லை. இப்போது எழுத்துத் தெரியும், எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் ஒருத்தி.

யூ கான்னான்.