ஆறு பேர் முன்னிலையில்

ஜூன் 3, செவ்வாய்

சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: மாமியார், என் கணவர், கொழுந்தன், கொழுந்தன் மனைவி சின்னவள், என் மகள், நான். ஆறு பேர். இரண்டு முறை எண்ணிவிட்டேன்.

மகளின் பள்ளியிலிருந்து வந்த ஆங்கிலச் சுற்றறிக்கையை நான்தான் வாசித்தேன். 'ரெஸ்பான்ஸிபிலிட்டி' வந்தது. துண்டு துண்டாக, எல்லாவற்றையும் ஒரே கனத்தில் சொன்னேன். சின்னவள் ஆங்கில டீச்சர். "அக்கா, வார்த்தைய பீன்ஸ் மாதிரி நறுக்கிட்டீங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும்.

ஜூன் 4

"சித்திகிட்ட படிச்சுக்கறேம்மா." புத்தகப் பையோடு மாடிக்குப் போய்விட்டாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள்.

கடவுளே, சின்னவளை மன்னித்துவிடு என்கிறாய். காதில் விழுந்தது. இப்போதைக்கு முடியாது.

ஜூன் 9

அகராதியைப் பரணிலிருந்து இறக்கினேன். அந்த வார்த்தைக்கு நடுவே புள்ளிகள். ஒரு துண்டுக்கு முன்னால் மட்டும் சின்னக் கோடு. அங்கே குரலை ஊன்ற வேண்டுமாம். ஆக, நான் நறுக்கியது தப்பில்லை. ஒரே கனத்தில் நறுக்கியதுதான் தப்பு.

'ரெஸ்பான்ஸிபிலிட்டி'க்குள் 'ரெஸ்பான்ஸ்' இருக்கிறது, 'பதில்' என்று பொருள். சொல்கிறேன் பதில்.

பீன்ஸ்தானே? அதை வைத்தே பழகுகிறேன். துண்டுக்கு ஒரு வெட்டு. கோடு போட்ட துண்டுக்குக் கத்தியை ஓங்கி. மாமியார் எட்டிப் பார்த்தார்: "பலகை உடைஞ்சிடப் போகுதும்மா. யார் மேல கோபம்?"

ஜூன் 21

'ஃபேமிலி' — முதல் துண்டில் ஊன்றல். வால் முளைத்து 'ஃபெமிலியர்' ஆனால் இரண்டாவதுக்கு நகர்கிறது. 'ஃபெமிலியாரிட்டி' ஆனால் நாலாவதுக்கு. 'இட்டி' என்ற வால் வந்தால் அதற்கு முந்திய துண்டில்தான் ஊன்றல். நூற்றுப் பன்னிரண்டு வார்த்தை எழுதிப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. முன்னால் 'அன்' ஒட்டினால் பொருள் தலைகீழாகிறது, ஊன்றல் அசைவதில்லை.

குடும்பத்தில் ஆள் சேரச் சேரப் பாரம் இடம் மாறத்தான் செய்கிறது!

ஜூலை 1

சின்னவள் அகப்பட்டாள். மகளுக்குப் பாடம் சொல்லும் குரல் படிக்கட்டில் கேட்டது. ஃபெமிலியாரிட்டி — இரண்டாவது துண்டில் ஊன்றுகிறாள். டீச்சராம்! இன்று சாப்பாடு ருசித்தது.

ஜூலை 6, ஞாயிறு

அதே ஆறு பேர். மகளின் பாடத்தைச் சின்னவளை வாசிக்கச் சொன்னேன். அந்த வார்த்தை வந்தது. "நில்லும்மா. ஊன்றல் எங்க?" வெறும் பலகையில் ஆறு வெட்டு வெட்டினேன், நாலாவது ஓங்கி. அகராதியைத் திறந்து அவள் தட்டருகே வைத்தேன். பார்த்தாள். காது சிவந்தது.

யாரும் சிரிக்கவில்லை. அது ஒன்றுதான் எனக்குக் குறை. மகள் மட்டும் மெதுவாக, "அம்மா, இதெல்லாம் எப்ப கத்துக்கிட்டே?"

ஜூலை 8

சமையலறை வாசலில் சின்னவள். "அக்கா, எட்டு வருஷமா கிளாஸ்ல தப்பாவே சொல்லிட்டிருக்கேன். அடுத்த மாசம் இன்ஸ்பெக்‌ஷன் வேற. யாருக்கும் தெரியாம எனக்குச் சொல்லித் தாங்களேன்."

யாருக்கும் தெரியாமலா? நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

ஜூலை 9

பிரார்த்தனையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். மனம் இளகியது. பாதிதான். மாடிக்கு அனுப்பிய சீட்டின் நகல்:

"சொல்லித் தருகிறேன். செவ்வாய், வெள்ளி, மாலை ஆறு மணி. சாப்பாட்டு மேசையில், அன்று இருந்த ஆறு பேரும் இருக்கும்போது. என் மகள் என் பக்கத்தில் உட்காருவாள். பீன்ஸ் நீ கொண்டு வா. சம்மதமா? சீக்கிரம் பதில் சொல்லவும்."