மெழுகி மறைத்த வெடிப்பு

சின்னக்குட்டி,

இன்று மிளகாய்ப் பொட்டலத்தைப் பிரித்தேன். சுற்றியிருந்த பேப்பரில், எங்கோ ஒரு தேசத்தில் பூகம்பம் என்று போட்டிருந்தது. எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். சோறு தின்றுகொண்டிருந்த சனத்தின் மேல் வீடு விழுந்ததாம். கசக்கி அடுப்பில் போட்டேன். அந்தச் சொல்லைக் கண்டாலே எனக்கு ஆகாது.

உன்னைப் புதைத்த அன்று, தோட்டத்தை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அதைத்தான் சொன்னார். குடைக்குள் நின்றுகொண்டு, "இது பூகம்பம் மாதிரிம்மா. யாரு என்ன செய்ய முடியும்?" என்றார்.

பூகம்பம் சொல்லிக்கொண்டா வருகிறது? ஆற்று வெள்ளமாவது ஏறுவது தெரியும், மேட்டுக்கு ஓடலாம். நம் மலை பதினைந்து நாளாகச் சொன்னது. நாம் குடம் பிடிக்கிற பீலியில் ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. லயத்து வீட்டு வரிசையில் உன் காம்பராக் கதவு மட்டும் சாத்த முடியாமல் இறுகியது. பிறகு தரையில் வெடிப்பு, என் விரல் போகிற அளவு. "அக்கா, காத வச்சுப் படுத்தா கீழ மண்ணு பேசுது" என்றாய். உன் புருஷன் குறட்டையாக இருக்கும் என்று சிரித்தேன்.

கண்டாக்கு பார்க்க வருகிறார் என்று ஆள் வந்து சொன்னதும் நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. "பெரிய மனுசன் வர்றாரு, தரைய இப்படியா போட்டு வச்சிருப்பே? மெழுகுடி" என்று உன்னை அதட்டினேன்.

"அதப் பாக்கத்தானேக்கா வர்றாரு" என்று முனகினாய். மறுபடி அதட்டினேன். வெடிப்பில் மண்ணைக் குழைத்து அடைத்தாய். மேலே சாணி போட்டு இருவருமாய் மெழுகினோம்.

சப்பாத்தில் சாணி படும் என்று அவர் உள்ளே கால் வைக்கவில்லை. வாசலிலிருந்தே எட்டிப் பார்த்து, "எங்க வெடிப்பு? நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நாலாம் நாள் பகல், நாங்கள் எல்லாரும் தேயிலைக் கொழுந்து மலையில் நின்றோம். நீ மட்டும் காய்ச்சலோடு படுத்திருந்தாய். மழையோடு மலை இறங்கியது.

அந்த மனிதரை நினைத்தால் அருவருப்பு. என்னை நினைத்தால் அதைவிட. குழி மேட்டில் அவர் பூகம்பம் என்றபோது, "ஆமாங்கய்யா" என்றது நான்தான். பூகம்பம் என்றால் என் கைக்குப் பழியில்லை என்று அந்த நேரத்திலும் என் புத்தி ஒதுங்க இடம் தேடியது. தூ.

இப்போது எந்த லயத்துக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்க்கிறேன். வெடிப்பை மெழுகுகிறவளோடு சண்டை போடுகிறேன். பைத்தியம் என்கிறார்கள், சொல்லட்டும்.

ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. "எங்க வெடிப்பு?" என்று அவர் கேட்டபோது நீ என் முகத்தைத்தான் பார்த்தாய். நான் சொல்லுவேன் என்றா பார்த்தாய், இல்லை, அக்காவைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றா?