ஸல்மாஸி கடையின் மொட்டைமாடி

கெய்ரோ, 3 மார்ச் 1997

அன்புத் தங்கச்சி நெர்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நம்ம ஸல்மாஸி கடை வாசல்ல பலகை வச்சிட்டாங்க. புதுப்பிக்கிற இஞ்சினியர்னு உன் பேரு கொட்டை எழுத்துல இருக்கு. உம்மாவை மாடியிலேர்ந்து இறக்கிக் கூட்டிப்போய்க் காட்டினேன். எழுத்துத் தெரியாட்டியும் தடவிப் பார்த்தாங்க. துணிப் பிரிவுப் பொண்ணுங்ககிட்ட ஒரே பீத்தல்: "மேனேஜர் சம்சாரம் பிரசவத்துல போனப்ப, இவனுக்கு ஒரு பக்கம், அவங்க பெத்த நெர்மினுக்கு ஒரு பக்கம்னு பால் கொடுத்தேன். இப்ப என் மக எனக்கு வீட்டைப் புதுசாக்கித் தரப் போறா."

ஒரு சின்ன வருத்தம். நேத்து ரெண்டு பேர் மொட்டைமாடிக்கு வந்து நம்ம அறைகளை நாடா வச்சு அளந்தாங்க. ஒரு சலாம்கூடச் சொல்லலை. எதுக்குன்னு கேட்டா, "உங்க இஞ்சினியரம்மாவைக் கேளுங்க"ங்கிறாங்க. வாப்பா கடைக்குக் காவல் இருந்த காலத்துலேர்ந்து இருக்கிற வீடு. பயப்பட ஒண்ணுமில்லையே?

பாரிஸ் குளிர்ல ஒழுங்காச் சாப்பிடு.

உன் அண்ணன்
ஸப்ரி

பாரிஸ், 20 மார்ச்

அன்புள்ள அண்ணனுக்கு,

உம்மா தடவிப் பார்த்தார்கள் என்று படித்ததும் அழுதுவிட்டேன்.

நடுக்கூடத்து மரப் படிக்கட்டை இடிக்கச் சொன்ன முதலாளியோடு ஒரு வருஷம் மல்லுக்கு நின்று காப்பாற்றியிருக்கிறேன். அதற்கு ஈடாக அவர் மொட்டைமாடியைக் கேட்டார். அங்கே உணவகம் வரும். உங்களுக்கு கெய்ரோவுக்கு வெளியே புதிதாக எழும்பும் அக்டோபர் நகரத்தில் வீடு தருகிறார். லிஃப்ட் உண்டு. உம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லு அண்ணே, எனக்கு வாய் வராது.

நெர்மின்

கெய்ரோ, 9 ஏப்ரல்

தங்கச்சி,

நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும். அழகான படிக்கட்டுதான், இல்லேங்கலை. ஆனா அதுல யாரும் குடியிருக்கலையே.

மேஸ்திரி வரைபடத்தை விரிச்சப்ப எட்டிப் பார்த்தேன். நம்ம ரெண்டு அறை மேலயும் "காலி இடம்"னு எழுதியிருக்கு. ஆள் இருக்குன்னு போட்டா அனுமதி கிடைக்காதாமே. அதை நீ எழுதினியா, உன் ஆளுங்களா? "நான் இல்லை"ன்னு பொய் எழுதினாக்கூட நம்பிடுவேன். ஒரு வரி போடு.

ஸப்ரி

பாரிஸ், 2 மே

அண்ணே,

நான்தான் எழுதினேன். உன்னிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. எழுதாவிட்டால் வேலை வேறொருவர் கைக்குப் போயிருக்கும், அவர் படிக்கட்டையும் விட்டுவைத்திருக்க மாட்டார். ஜூலையில் வருகிறேன். நேரில் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

நெர்மின்

அக்டோபர் நகரம், 15 ஜூன்

நெர்மினுக்கு,

வந்து சேர்ந்தோம். உம்மாகிட்ட கடைசியில நான்தான் சொன்னேன். நம்பலை. சாமான் ஏத்தறப்ப கூலியாளுங்ககிட்ட, "மக கட்டி முடிச்சதும் திரும்ப வந்துடுவோம், பார்த்து ஏத்துங்கப்பா"ன்னாங்க. இங்க சத்தமே இல்லை, அவங்களுக்குத் தூக்கம் வரமாட்டேங்குது.

போன வெள்ளி தொழுகை முடிஞ்சு இமாம்கிட்ட கேட்டேன், ஒரே மடியில பால் குடிச்ச உறவை முறிக்க வழி இருக்கான்னு. சிரிச்சார். பெண்டாட்டியைத்தான் தலாக் சொல்ல முடியும், தங்கச்சியைச் சொல்ல முடியாதுன்னார்.

அதனால நீ வரலாம். உம்மாவைப் பார்க்க உனக்கு உரிமை இருக்கு. எந்த நாள்னு மட்டும் முன்னாடியே எழுதிடு. அன்னிக்கு நான் வெளியே போயிடறேன்.

ஸப்ரி