அடுத்த வீட்டில் கேட்டு எழுதிய பசி

அக்கா,

அலுவலக அலுமாரியில் பழைய கோப்பு ஒன்றை இழுத்தேன். திறக்க முதலே நீங்கள் முழங்காலுக்குப் பூசும் தைலத்தின் வாசம் வந்தது. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடமாகிவிட்டது; தைலம் மட்டும் இன்னும் வேலையை விடவில்லை. எனக்கும் இப்போது அதே முழங்கால் நோ. உங்களைப்போல அனுபவம் வரும் என்று காத்திருந்தேன், வாதம்தான் வந்தது.

இங்கிருந்து சொல்ல நல்ல புதினம் ஒன்றுமில்லை. நம் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டிலிருந்து வரும் உதவி குறைந்துவிட்டது. உலர் உணவுப் பட்டியலில் பாதிப் பெயரை வெட்டச் சொல்லியிருக்கிறார்கள். படிவம் இப்போது கைத்தொலைபேசியில், கேள்வி அதேதான்: "நேற்று எத்தனை நேரச் சாப்பாடு சாப்பிட்டீர்கள்?" இதை எழுதியவர் எங்கள் சனத்தின் வாசலில் ஒருநாளும் நின்றிருக்க மாட்டார்.

நின்ற எனக்கே விளங்கவில்லை என்பது வேறு கதை. உங்களுக்குக் கீழ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் குருநகரில் ஒரு வீடு. கணவரைக் கடல் கொண்டுபோன பெண், இரண்டு பெண் பிள்ளைகள். "மூண்டு நேரமும் வடிவாச் சாப்பிட்டனாங்கள், சேர்" என்று சிரித்தார். தேநீரும் ஒரு தட்டு விசுக்கோத்தும் வந்தன. மரியாதைக்கு ஒன்று, ருசிக்கு இரண்டு எடுத்தேன். படிவத்தில் மூன்று நேரம் என்று எழுதினேன். அவர் பெயர் பட்டியலில் ஏறவில்லை.

பட்டியல் மேலிடம் போனபிறகுதான் நீங்கள் கண்டுபிடித்தீர்கள். அதுவும் அந்த வீட்டுக்குப் போகாமல், அடுத்த வீட்டு வேலியில் சாய்ந்து கதை கொடுத்து.

"நீர் திண்ட விசுக்கோத்து அடுத்த வீட்டுக்காரி பிள்ளையளுக்கெண்டு குடுத்தது. அதுகளின்ரை இராச்சாப்பாடே அதுதான்."

"அவ சாப்பிட்டதெண்டுதானே சொன்னவ, அக்கா?"

"வீட்டுக்கு வந்தவனிட்டை ஆரப்பா பட்டினியெண்டு சொல்லுவினம்? உம்மடை வீட்டிலை சொல்லுவியளோ? சனம் தன்ரை பசியை மறைக்கும். அடுத்த வீட்டுப் பசியைக் கேளும், ஒண்டும் விடாமல் சொல்லும். புதினம் பிடுங்கிற உம்மடை வாயை வேலையிலை பாவியுமன்!"

என் வாயைப் பற்றி நல்ல வார்த்தை சொன்ன ஒரே ஆள் நீங்கள்.

மூடிய பட்டியலைத் திறக்கச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினீர்கள். அடுத்த சுற்றில்தான் பெயர் ஏறியது. அதற்குள் மூத்த பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டு நண்டு உடைத்துச் சதை எடுக்கும் கொம்பனிக்கு வேலைக்குப் போய்விட்டாள். மாவும் பருப்பும் கொண்டுபோனபோது அவள்தான் கையெழுத்து வைத்தாள். விரல் நுனியெல்லாம் கீறல். எழுத்து மட்டும் அச்சுப்போல. திரும்பி வரும் வழியெல்லாம் நீங்கள் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

போன கிழமை சண்டிலிப்பாய்க்குப் படிவம் நிரப்பப் போனேன். புகையிலைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகும் ஒருத்தி, "மூண்டு நேரமும்" என்றார். தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

"அவவோ? ரெண்டு நாளா வெறுந் தேத்தண்ணி, சேர். நான் சொன்னதெண்டு சொல்லிப்போடாதேங்கோ."

"நீங்கள்?"

"எங்களுக்கென்ன குறை!"

திரும்பி முதல் வீட்டுக்கு வந்து, அந்தக் குறையில்லாதவரைப் பற்றி மெல்ல விசாரித்தேன்.

"அப்பிடியோ சொன்னவ? பிள்ளையளைக் கோயில் அன்னதானத்துக்கு அனுப்பிப்போட்டுத் தான் தண்ணியைக் குடிச்சிட்டுப் படுக்கிறா. என்ரை பேர் வரக்கூடாது, சேர்."

இரண்டு வீடும் இருக்கும் அந்த ஒழுங்கைக்குப் பட்டியலில் மிஞ்சியிருப்பது ஒரு இடம். இரண்டு பெயரையும் அனுப்பினேன். 'ஒன்றை வெட்டி அனுப்பவும்' என்று திரும்பி வந்திருக்கிறது.

அடுத்த வீட்டில் கேட்கச் சொல்லித் தந்தீர்கள், அக்கா. கேட்டபின் இரண்டு வீடும் பட்டினி என்றால் என்ன செய்வதென்று சொல்லாமல் போய்விட்டீர்களே. களைப்பாக இருக்கிறது. போகும் வாசலெல்லாம் உங்கள் குரலையும் சுமந்துகொண்டு திரிய என் முழங்காலுக்குப் பலம் பத்தாது.

நாளைக் காலை மறுமொழிக் கடிதம் அனுப்பவேண்டும். இரண்டு பெயரையும் திரும்ப எழுதியிருக்கிறேன், முதல் அனுப்பியதைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில்.